கடுங்காவல் என்றால் என்ன வேலை?

மாவட்டச் செய்திப் பக்கத்தில் அந்த வரி இல்லாத நாள் குறைவு. அடிதடி வழக்கில் மூன்று ஆண்டு கடுங்காவல், சீட்டு மோசடியில் ஏழு ஆண்டு கடுங்காவல், கூடவே அபராதம், கட்டத் தவறினால் இன்னும் ஆறு மாதம். நீதிபதி வாசிக்கிறார், எழுத்தர் குறித்துக்கொள்கிறார், போலீஸ் வேன் கிளம்புகிறது. வேன் சிறை வாசலைத் தாண்டிய பிறகு அந்தக் கடுமை எந்த வடிவில் வரும் என்று தீர்ப்பில் ஒரு வார்த்தை இராது. கல் உடைப்பதா, தறி நெய்வதா, ரொட்டி சுடுவதா?

சட்டப் புத்தகத்தைப் புரட்டினாலும் விடை கிடைக்காது. 1860-ல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு சிறைத்தண்டனையை இரண்டாகப் பிரித்தது. ஒன்று கடுங்காவல், அதாவது கடின உழைப்போடு கூடியது. மற்றது வெறுங்காவல். எது கடின உழைப்பு, எவ்வளவு கடினம், அந்த உழைப்பின் பலன் யாருக்கு என்பதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவே இல்லை. தண்டனையைச் சொல்வது நீதிமன்றம். அதற்குப் பொருள் கொடுப்பது சிறை முற்றம். ஜெயிலரும், கண்காணிப்பாளரும், அவர்கள் மேசைமேல் இருந்த விதிப்புத்தகமும் சேர்ந்து தீர்மானித்ததுதான் நூற்றறுபது ஆண்டுகளாகக் கடுங்காவல் என்று நடந்திருக்கிறது. இந்தத் தண்டனையின் வரலாறு முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது.

தமிழே இதை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள் 'கடுங்காவல்' என்று எழுதுகிறது. காவல் கடுமையாக இருக்கும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அதே தண்டனைக்குக் 'கடூழியச் சிறை' என்று பெயர். ஊழியம் அங்கே வெளிப்படையாக நிற்கிறது. சட்டம் சொல்ல வந்ததற்கு இலங்கைத் தமிழர் சொல்தான் நெருக்கம்.

சிறை என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பொருள் என்று சொல்வதற்கில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் ஒரு காதைக்கே 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை' என்று பெயர். சோழ மன்னனிடம் மணிமேகலை கேட்டுப் பெற்ற வரம் அது. ஆனால் பழைய தமிழகத்தில் குற்றத்துக்கான தண்டனை பெரும்பாலும் வேறு வழியில் போனது. வேட்டையில் குறி தவறி மனிதன் மேல் அம்பு பாய்ந்த வழக்குகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பதிவு செய்திருக்கின்றன. கொன்றவன் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் கொடுக்க வேண்டும் என்று ஊரார் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். செத்தவன் பெயரால் விளக்கு எரியும், கொன்றவன் ஊரிலேயே இருப்பான். ஆண்டுக்கணக்கு எழுதி அடைத்து, உள்ளே நாள்தோறும் அளந்து வேலை வாங்குவது பின்னால் வந்த ஏற்பாடு.

அதன் விதை இங்கிலாந்தில் இருக்கிறது. 1818-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் சிறைகளுக்காக ஒரு மிதிசக்கரம் வடிவமைத்தார். நீளவாக்கில் படிகள் வைத்த பெரிய உருளை. கைதிகள் வரிசையாக நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் படி கீழே போகும், அடுத்த படி வரும். மணிக்கணக்கில் ஏறினாலும் எங்கும் போய்ச் சேர முடியாது. சில சிறைகளில் அந்தச் சக்கரம் தானியம் அரைத்தது. பல சிறைகளில் எதையும் அரைக்காமல் வெறுமனே சுற்றியது. இன்னொரு கருவி கைச்சுழற்றி: மணல் நிரம்பிய பெட்டிக்குள் கரண்டிகள் சுழலும், கைதி வெளியே பிடியைச் சுற்ற வேண்டும், அன்றைய எண்ணிக்கை முடியாவிட்டால் சாப்பாடு தள்ளிப்போகும். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1895-ல் இரண்டாண்டுக் கடின உழைப்புத் தண்டனை பெற்றபோது மிதிசக்கரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பயனற்ற வேலையே சிறந்த தண்டனை என்ற அந்த எண்ணம் கப்பலேறி இங்கே வந்தது. அப்போது கம்பெனி ஆட்சியில் கைதிகளைக் கொண்டு சாலை போடுவது வழக்கம். காலில் விலங்கோடு கூட்டமாக வெளியே போவார்கள், மண் வெட்டுவார்கள், மாலையில் திரும்புவார்கள். மெக்காலேயின் முயற்சியில் அமைந்த சிறை ஒழுங்குக் குழு 1838-ல் அறிக்கை தந்தது. சாலை வேலையை நிறுத்தச் சொன்னது. வெளியே போகிறவன் ஊர்முகம் பார்க்கிறான், பேசுகிறான், போதுமான அளவு அச்சம் பிறப்பதில்லை என்பது ஒரு காரணம். வெளிவேலையில் நோய் வந்து பலர் சாகிறார்கள் என்பது இன்னொன்று. பதிலாகக் குழு பரிந்துரைத்தது மதிலுக்குள்ளேயே செய்யும், சலிப்பூட்டும், ஒரே மாதிரியான வேலை. கைதியைப் படிக்க வைத்துத் திருத்தலாம் என்ற யோசனையை அது ஏற்கவில்லை. சலிப்பை ஒரு தண்டனைக் கருவியாகத் தேர்ந்தெடுத்து எழுதி வைத்தார்கள் என்பதை நிதானமாகப் படிக்க வேண்டும். அதே மெக்காலேயின் கையில் 1837-ல் உருவான வரைவுதான் அவர் இறந்த மறு ஆண்டு தண்டனைச் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

எவ்வளவு கடினம் என்ற கேள்விக்கு எழுத்தில் ஏதோ சொன்னது 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். உழைப்புத் தண்டனை பெற்றவனை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; அவசரம் என்றால் கண்காணிப்பாளர் அனுமதி வேண்டும். மருத்துவ அதிகாரி இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது அவனைப் பார்த்து, அவனுடைய எடையைக் கைதிச் சீட்டில் எழுதிவைக்க வேண்டும். ஒரு வேலை உடம்பைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். தண்டனையின் அளவுகோலாக உடம்பே ஆனது. தராசில் எடை இறங்காத வரை வேலை சட்டப்படியானது.

அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவு, சொன்ன வேலையைச் செய்யாதவனுக்கு என்ன என்பதையும் நுணுக்கமாக வகுத்தது. விலங்கு, தனியறை, நான்கு நாள்வரை தண்டனைச் சாப்பாடு, மூன்று மாதம் வரை சாக்குத் துணி உடுப்பு, முப்பதுக்கு மிகாத பிரம்படி. பிரம்பு அரை அங்குலத்துக்குக் குறையாத விட்டம் இருக்க வேண்டும், பிட்டத்தில் அடிக்க வேண்டும் என்றுகூட எழுதினார்கள். பிரம்பின் பருமனை அளந்த அந்தச் சட்டம், கடின உழைப்பு என்றால் என்ன என்பதை மட்டும் அளக்கவில்லை.

அளக்காமல் விட்ட இடத்தில் வருமானம் நுழைந்தது. வங்காளச் சிறைகளுக்குத் தலைமை அதிகாரியாக இருந்த டாக்டர் மோவாட், கைதியைக் கொண்டு லாபகரமான தொழில் நடத்த வேண்டும் என்று வாதாடியவர். அலிப்பூர் சிறையில் சணல் வேலை வளர்ந்தது; வெளியே இருந்த வெள்ளைக்கார ஆலை முதலாளிகள் தங்கள் வியாபாரம் கெடுகிறது என்று புகார் செய்தார்கள். ஆக்ரா சிறையில் கம்பளம் நெய்தார்கள். விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்காக அங்கே கைதிகள் நெய்த ஒரே கம்பளம் விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ கூடத்தை நிறைத்துக் கிடக்கிறது. எடை சுமார் 2 டன். தண்டித்த அரசின் தலைவியின் காலடிக்குத் தண்டனையே விரிப்பாகப் போனது. நெய்தவர்களுக்குக் கூலி என்ற பேச்சே அக்காலத்தில் இல்லை.

தமிழர்களுக்குக் கடுங்காவல் என்றால் ஒரே காட்சிதான் கண்முன் வரும்: செக்கு. 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி கணேசன் செக்கிழுத்த காட்சி அதைத் தலைமுறை தலைமுறையாகப் பதியவைத்தது. ஆனால் அந்தச் செக்கு எப்படி வந்தது என்பது படத்தைவிட வலிமையான கதை.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர், தொழிலால் வக்கீல். 1908 மார்ச் 12-ல் கைதானார். ஜூலை 7-ல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்: ராஜத்துரோகத்துக்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்று. மேல்முறையீடுகளில் அது ஆறு ஆண்டாகச் சுருங்கியது. கோவைச் சிறையில் முதலில் அவருக்குக் கொடுத்தது சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றும் வேலை. பேனா பிடித்த கை. உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அதை ஜெயிலர் பார்த்தார். உடம்புக்கு ஒவ்வாத வேலையை மாற்றித் தர வேண்டும் என்பதுதானே சட்டம்? மாற்றித் தந்தார்கள். புண்ணான கைக்குக் கிடைத்த மாற்று வேலை, மாட்டுக்குப் பதிலாக வெயிலில் செக்கைத் தள்ளுவது. பின்னாளில் அகவற்பாவில் எழுதிய தன்வரலாற்றில் வ.உ.சி. இதைச் சொல்லும் இடத்தில், ஜெயிலரின் அன்பை நொந்து வியக்கிறார்.

செக்கோட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கனம் தெரியும். உரலுக்குள் சாய்ந்து நிற்கும் உலக்கை. அதன் தலையோடு பிணைத்த நீண்ட தடி. தடியின் மேல் பாரத்துக்குக் கல். தடி சுற்றும்போது உலக்கை உரலின் சுவரோடு உரசி வித்தை நசுக்குகிறது. முதல் சில சுற்றில் வித்து உதிரியாக இருக்கும், தடி சுலபமாக வரும். எண்ணெய் பிரியப் பிரியப் பிண்ணாக்கு இறுகும், உலக்கை கவ்விப் பிடிக்கும், அப்போதுதான் தள்ளுகிறவனுக்கு உண்மையான பாரம். நாள் முழுக்க ஒரே வட்டத்தில் சுற்றும் மாட்டுக்குக் கண்ணைக் கட்டிவிடுவார்கள், தலை சுற்றாமல் இருக்க. மனிதனுக்கு அதுவும் கிடையாது. சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் வ.உ.சி. நினைவாக ஒரு செக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், அதைச் சுற்றிக் காட்டுவதோடு நிற்காமல், எண்ணெய் ஆட்டுவது எப்படி என்பதையும் சொன்னால் நல்லது.

கோவையிலிருந்து அவர் கண்ணூர் சிறைக்கு மாற்றப்பட்டார். உள்ளிருந்தபடியே சட்ட மனுக்கள் எழுதினார், நீதிநூல் எழுதினார், ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். 1912 டிசம்பர் 24-ல் விடுதலை. சுப்பிரமணிய சிவா அதற்குச் சற்று முன்பே வெளியே வந்திருந்தார், சிறையில் பற்றிய தொழுநோயோடு. ஒன்பது மணி நேர விதியும் இரண்டு வார எடைக் கணக்கும் இருந்த சிறைகளில்தான் இவை அத்தனையும் நடந்தன.

அந்தமான் இன்னும் மோசம். 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையில் ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். பதின்மூன்றரை கிலோவுக்கும் மேல். 1912-ல் அங்கே வங்காளப் புரட்சியாளர் இந்து பூஷண் ராய் தூக்கிட்டுக்கொண்டார், இன்னொருவரான உல்லாஸ்கர் தத்தாவின் மனம் பேதலித்தது. கடல் கடந்து தென்னாப்பிரிக்காவிலும் தமிழர்கள் இதே தண்டனையைச் சுமந்தார்கள். ஜொகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த தில்லையாடி வள்ளியம்மை, காந்தியின் சத்தியாக்கிரகத்தில் 1913-ல் மூன்று மாதக் கடின உழைப்புத் தண்டனை பெற்றார். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் இறந்தார். பதினாறு வயது.

படித்தவர்கள் சிறைக்குப் போகத் தொடங்கியபின்தான் சிறை பற்றி அரசு யோசிக்கத் தொடங்கியது. கசப்பான உண்மை இது. செக்குக்கும் கல்லுக்கும் பழகிப்போன ஆயிரக்கணக்கான ஏழைக் கைதிகளின் வலி எந்த நூலிலும் ஏறவில்லை, வ.உ.சி.யும் வங்காளத்துப் புரட்சியாளர்களும் எழுதியதால் அவர்கள் வழியாகத்தான் மற்றவர்களின் நாளும் நமக்குத் தெரிகிறது. சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் 1919–20-ல் அமைந்த இந்தியச் சிறைக் குழு, கைதியைத் திருத்துவதும் சிறையின் வேலை என்று முதன்முதலாக அழுத்திச் சொன்னது. லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929 செப்டம்பர் 13-ல் புரட்சியாளர் ஜதின் தாஸ் உயிர்விட்டார். அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று, அரசியல் கைதிகளை இழிவான கடின வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது. விளைவாக வந்தது ஏ, பி, சி என்ற வகுப்புப் பிரிவு. படிப்பும் வசதியும் உள்ளவர்களுக்கு மேல்வகுப்பு. களியும் கடின வேலையும் சி கிளாஸுக்கு. கடுமை குறையவில்லை, யார்மேல் விழும் என்பது மட்டும் இடம் மாறியது.

இந்தத் தண்டனையைப் பெற்றெடுத்த இங்கிலாந்து 1898-ல் மிதிசக்கரத்தைக் கைவிட்டது. 1948-ல் கடின உழைப்பு என்ற தண்டனையையே சட்டத்திலிருந்து நீக்கியது. அதற்கு ஓராண்டு முன்பு விடுதலை பெற்ற இந்தியா அதை அப்படியே வைத்துக்கொண்டது.

1950-ல் வந்த அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அப்படியானால் கூலி தராமல் கைதியை வேலை வாங்குவது என்ன? இந்தக் கேள்வி நீதிமன்றம் வந்துசேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. முக்கியமான திருப்பத்தைத் தந்தவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், தலைச்சேரியில் வக்கீலாக இருந்தவர், 1948-ல் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்தவர், 1957-ல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையையும் பார்த்தவர். 1977-ல் முகமது கியாசுதீன் வழக்கில், வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிய இளைஞனின் தண்டனையைக் குறைத்ததோடு நிற்காமல், சிறைக்குள் அவன் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதையும் அவர் எழுதினார். சலிப்பூட்டும், இயந்திரத்தனமான, இழிவான வேலை தரக் கூடாது. மூளைக்கு வேலை இருக்க வேண்டும், கொஞ்சம் உடலுழைப்பும் சேரலாம். கூலியும் தர வேண்டும். 1838-ஆம் ஆண்டு அறிக்கை விரும்பிக் கேட்ட அதே சலிப்பை, 139 ஆண்டு கழித்து ஒரு தீர்ப்பு பெயர் சொல்லி விலக்கியது. தண்டனையின் பொருளை ஜெயிலரிடமிருந்து நீதிபதி திரும்ப எடுத்துக்கொண்ட அரிய தருணம் அது.

1983-ல் கேரள உயர் நீதிமன்றம் கைதிகளுக்கு நியாயமான கூலி வேண்டும் என்றது. 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கில் விஷயத்தை முடித்துவைத்தது. கடுங்காவல் பெற்றவனை அவன் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் வேலை வாங்கலாம். ஆனால் உரிய கூலி தந்தே ஆக வேண்டும். அதிலிருந்து ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக மாநிலங்கள் வழி செய்ய வேண்டும். அம்பு தவறியவன் ஆடு கொடுத்த ஊர்வழக்கத்துக்கும் இந்தக் கடைசி ஏற்பாட்டுக்கும் ஏதோ உறவு இருப்பதுபோலத் தோன்றுகிறது.

இன்றைக்குத் தமிழ்நாட்டுச் சிறைகளில் கடுங்காவல் என்பது வேலூரில் காவலர்களுக்குக் காலணி தைப்பது, கோவையில் துணி நெய்வது, புழலில் ரொட்டி சுடுவது, மதிலுக்கு வெளியே பெட்ரோல் பங்கில் வண்டிக்கு எண்ணெய் நிரப்புவது. சிறை அங்காடிகளில் மக்கள் வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்கள். வெளியே வந்தபின் ஒரு தொழில் கையில் இருக்கும் என்றால் இதைக் குறைசொல்ல எதுவும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் ஏறத்தாழ நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்குத் தண்டனையும் இல்லை, அதனால் தொழிற்கூடமும் இல்லை. குற்றம் நிரூபணமானவன் தையல் கற்றுக்கொள்கிறான். நிரூபணமாகாதவன் ஆண்டுக்கணக்கில் கம்பி எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

2024 ஜூலை 1-ல் மெக்காலேயின் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. சமுதாயச் சேவை என்ற புதிய தண்டனையை அது சேர்த்தது. கடுங்காவலைப் பொறுத்தவரை, கடின உழைப்போடு கூடியது என்ற பழைய விளக்கமே அதன் 4-ஆம் பிரிவில் இருக்கிறது.

ஆகவே, யாருக்கு என்ன வேலை என்பது இன்றும் மாநிலச் சிறை விதிப்புத்தகத்தின் கையில். அந்தப் புத்தகங்களில் என்ன இருந்தது என்பதை 2024 அக்டோபர் 3-ல் வந்த சுகன்யா சாந்தா வழக்கின் தீர்ப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சமையலுக்கு இன்ன சாதி, துப்புரவுக்கு இன்ன சாதி என்று பல மாநில விதிகள் இருபத்தோராம் நூற்றாண்டிலும் எழுதி வைத்திருந்தன. சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைப்பதற்கு எடுத்துக்காட்டாகப் பாளையங்கோட்டை மத்திய சிறையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. ஒரே குற்றம், ஒரே தண்டனைக் காலம். ஆனால் ஒருவன் கையில் கரண்டி, இன்னொருவன் கையில் கழிவறைத் துடைப்பம். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு இந்த விதிகளைச் செல்லாது என்று அறிவித்தது. மூன்று மாதத்துக்குள் விதிப்புத்தகங்களைத் திருத்த வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. சிறைப் பதிவேடுகளில் கைதியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சாதிப் பத்தியை நீக்கவும் உத்தரவிட்டது.